திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்: மானிட்டரைச் சரிசெய்வது எப்படி?

முகூர்த்த மாதம் முடிந்து ஆல்பங்கள் அச்சடிக்கும் லேபிலிருந்து வந்து சேரும் நாட்களில் திருநெல்வேலிப் பக்கத்து ஸ்டுடியோக்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு, பிரிண்ட் ஏன் இப்படி இருண்டு வந்திருக்கு?" அரக்குப் பட்டு கறுப்பை ஒட்டிப் போயிருக்கும். மாநிற முகங்களில் கண்ணைச் சுற்றியுள்ள இடம் அப்படியே அடைத்துக்கொண்டிருக்கும். பழி உடனே லேபின் மேல் விழும். ஆனால் பெரும்பாலான நேரம் லேப் தப்பு செய்திருக்காது. ஃபைலில் இருந்ததைத்தான் அது அச்சடித்திருக்கும். ஃபைலில் என்ன இருக்கிறது என்பதைத் திரை தவறாகக் காட்டியிருக்கும்.

திருமணப் படம் எடுக்க இப்போதுதான் இறங்கியிருப்பவர்களுக்காகவும், கூந்தன்குளத்துப் பறவைகளையும் களக்காட்டு மலைகளையும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்படுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவி இல்லாமலே பாதி வேலையை முடிக்கலாம். மீதிப் பாதிக்குக் கருவி வேண்டும், அதையும் சொல்கிறேன்.

பிரிண்ட் ஏன் இருண்டு வருகிறது?

மானிட்டர் விற்கும் கடையில் பத்துத் திரைகள் பக்கத்துப் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். எது பளிச்சென்று இருக்கிறதோ அதன் மேல்தான் கண் போகும். அதனால் பல மானிட்டர்கள் கூடுதல் பிரகாசத்தோடும், கொஞ்சம் நீலம் தட்டிய வெள்ளையோடும்தான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். சாதாரண மானிட்டரே 250 நிட் வரை கொடுக்கும். பிரிண்ட் வேலைக்கு வேண்டியதோ 80 முதல் 120 வரைதான்.

120 நிட்டுக்கும் 250 நிட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்டாப், அதாவது ஒளியில் இரு மடங்கு வித்தியாசம், இருக்கிறது. கேமரா பிடித்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திரை ஒரு ஸ்டாப் கூடுதலாக எரியும்போது, சரியான எக்ஸ்போஷரில் எடுத்த படம்கூட வெளுத்த மாதிரி தெரியும். நீங்கள் அதைக் குறைப்பீர்கள். குறைத்த ஃபைல் லேபுக்குப் போகும். தாள் தானாக ஒளி விடாது, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவது மட்டும்தான் அதன் வேலை. அதனால் படம் இருண்டுதான் வரும்.

நிறமும் இப்படித்தான். திரையின் வெள்ளை நீலமாக இருந்தால், அதை ஈடுகட்டக் கை தானாக மஞ்சளைக் கூட்டும். பிரிண்டில் வேட்டி மஞ்சள் தட்டி வரும்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், நிறம் அப்புறம். அறையின் வெளிச்சமும் திரையின் பிரகாசமும் கட்டுக்குள் வராமல் நிறத்தை நோண்டிப் பயனில்லை. புதிதாக வருபவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்து, சிவப்பு, பச்சை, நீல ஸ்லைடர்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப் போகிறார்கள்.

காலிபரேஷனில் நடப்பது என்ன?

இரண்டு வேலைகள் நடக்கின்றன. திரையை நமக்குத் தெரிந்த ஒரு நிலைக்குக் கொண்டுவருவது முதல் வேலை. பிரகாசம் இவ்வளவு, வெள்ளை இப்படி, கருமைக்கும் வெண்மைக்கும் நடுவிலுள்ள சாயல்கள் இந்த வேகத்தில் ஏற வேண்டும் என்று மூன்றையும் நிர்ணயிப்பது. கடைசியில் சொன்னதற்குக் காமா என்று பெயர். இதற்குப் பிறகும் திரையிடம் சில குறைகள் மிச்சமிருக்கும். அவற்றை அளந்து ஒரு சின்ன ஃபைலில் குறித்து வைப்பது இரண்டாவது வேலை. அந்த ஃபைல்தான் ஐசிசி புரொஃபைல். ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் அதைப் படித்து, அந்தக் குறைகளுக்கு ஏற்ப நிறத்தை மாற்றி அனுப்பும்.

புரொஃபைல் அந்த ஒரு மானிட்டருக்கு, அந்த ஒரு செட்டிங்குக்கு மட்டுமே சொந்தம். நண்பரிடமும் அதே மாடல்தான் இருக்கிறது என்று அவர் புரொஃபைலை வாங்கிப் போடுவது பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றது. புரொஃபைல் எடுத்த பிறகு மானிட்டரின் பொத்தானைத் தொட்டுப் பிரகாசத்தை மாற்றினாலும் அது செல்லாது.

முதலில் அறை

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ரோட்டைப் பார்த்த கடை என்றால் காலையில் ஒரு வெளிச்சம், உச்சியில் ஒன்று, நாலு மணிக்கு மேற்கு வெயில் நேரே உள்ளே வந்து விழுவது வேறு. தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் நாள் முழுக்க மங்கிய, நீலம் கலந்த வெளிச்சம். இந்த மாற்றத்தில் எல்லாம் கண் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். காலையில் திருத்திய படமும் மாலையில் திருத்திய படமும் ஒரே ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அதனால் எடிட்டிங் மேசையை உள்ளே போடுங்கள். பழைய வீட்டில் வேலை செய்பவர் தெருப் பக்கத்துத் தார்சாவை விட்டுவிட்டு இரண்டாம் கட்டுக்குப் போவது நல்லது. ஜன்னல் திரைக்கு எதிரேயும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். பக்கவாட்டில் இருந்தால் கனமான துணி போட்டு மறைத்துவிடலாம். துணியின் நிறம் சாம்பலோ கறுப்போ இருக்கட்டும்.

சுவர் நிறம் இன்னொரு தொல்லை. கிளிப்பச்சை, ரோஸ், வானநீலம் எல்லாம் வீட்டுக்கு அழகுதான். ஆனால் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்த நிறத்தைச் சுமந்துகொண்டு உங்கள் கண்ணுக்கு வரும். அறை முழுக்க வெள்ளையடிக்க முடியாவிட்டாலும், மானிட்டருக்குப் பின்னால் தெரியும் சுவரையாவது வெளிர் சாம்பல் ஆக்குங்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் நடிகர் படத்தையும் எடுத்துவிட்டுச் சாம்பல் பின்னணி போடுங்கள்.

விளக்குக்கு வருவோம். கடைகளில் கூல் டேலைட் என்று விற்கும் எல்இடி ட்யூப் பொதுவாக 6500 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு: எண் குறைந்தால் மஞ்சள் தட்டும், கூடினால் நீலம் தட்டும். வார்ம் ஒயிட் என்பது 3000 கெல்வின் வாக்கில் இருக்கும், எடிட்டிங் அறைக்கு ஆகாது. கெல்வினோடு பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள். அந்த விளக்கில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண் அது. அது 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரிண்டின் சிவப்பும் தோல் நிறமும் ஒழுங்காகத் தெரியும். எண்ணே போடாத விளக்கை வாங்க வேண்டாம். விளக்கு திரையில் நேராக விழக்கூடாது. தலைக்குப் பின்னாலிருந்து மேசை மேல் மென்மையாக விழுந்தால் போதும். இருட்டறையும் தேவையில்லை, கண் சீக்கிரம் களைத்துவிடும்.

எந்த மானிட்டர்?

பக்கவாட்டில் பார்த்தாலும் சாயல் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல் வாங்குங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் (எந்தெந்த நிறங்களைக் காட்ட வேண்டும் என்ற எல்லை) 100 சதவீதத்தை ஒட்டி வருமா என்று கேட்டு வாங்குங்கள். டிஎன் வகைப் பேனலில் தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே கருமை வெளுக்கும், தாழ்த்தினால் இருளும். அதைச் சரிசெய்ய எந்தக் கருவியாலும் முடியாது. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால், நடுச்சாம்பல் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்துவிட்டுத் தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சாயல் மாறிக்கொண்டே போனால் அந்தத் திரையை வீடியோ பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த லேப்டாப்களில் இன்னொரு குறை உண்டு. அவற்றில் பல, எஸ்ஆர்ஜிபியின் மூன்றில் இரண்டு பங்கு நிறங்களைக்கூட முழுதாகக் காட்டாது. குங்குமச் சிவப்பும் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணின் சிவப்பும் அதில் செங்கல் நிறமாகத்தான் தெரியும். காட்ட முடியாத நிறத்தைக் காலிபரேஷன் புதிதாக உண்டாக்கித் தராது.

தொடங்குமுன்

மானிட்டரின் மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் ரீசெட் செய்யுங்கள். விவிட், கேம், சினிமா என்றிருக்கும் முறைகளை விட்டுவிட்டு, ஸ்டாண்டர்டு அல்லது யூசர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், எக்கோ மோடு, கண்ணைக் காக்கும் நீல ஒளி வடிகட்டி, எச்டிஆர் எல்லாவற்றையும் அணையுங்கள். விண்டோஸில் நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் ஆகியவையும் அணைந்திருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்குத் திரை தானாக மஞ்சளாகிறது என்றால் காரணம் இவற்றில் ஒன்றுதான்.

எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் செட்டிங்கில் ஒன்றைப் பார்க்க வேண்டும். சில சமயம் கம்ப்யூட்டர் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு, 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை அனுப்புவதற்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். அப்போது கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஃபுல் ரேஞ்ச் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஆடிக் காற்றில் படிந்த புழுதியை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் திரை எரிந்துகொண்டிருக்கட்டும். போட்டவுடன் இருக்கும் பிரகாசமும் நிறமும் சூடேறிய பிறகு நிலைக்காது.

கருவி இல்லாமல் பிரகாசத்தை அளப்பது

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். பலன் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

உங்களிடம் கேமரா இருக்கிறது. அதிலேயே ஒரு ஒளிமானியும் இருக்கிறது. வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்க வையுங்கள். அறையின் வெளிச்சம் திரையில் படாமல் பாருங்கள். கேமராவை மேனுவலுக்கு மாற்றி, ஐஎஸ்ஓ 100, எஃப் 4, ஷட்டர் 60-ல் ஒரு நொடி என்று வையுங்கள். ஸ்பாட் மீட்டரிங் வைத்து, வியூஃபைண்டர் முழுக்க வெள்ளை மட்டும் தெரியும்படி திரையை நேராக நோக்குங்கள். ஃபோகஸ் ஆகவில்லை என்றாலும் கவலையில்லை. இப்போது மானிட்டரின் பிரகாசப் பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மீட்டர் முள் நடுவில், பூஜ்யத்தில் வந்து நிற்கும்போது திரையில் இருப்பது சுமார் 120 நிட். ஷட்டரை 40-ல் ஒரு நொடி ஆக்கி அதே போல் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தால் சுமார் 80 நிட். முதலில், எதையும் குறைப்பதற்கு முன், 125-ல் ஒரு நொடி வைத்துப் பாருங்கள். அங்கேயே முள் நடுவில் நின்றால் இத்தனை நாள் 250 நிட்டில் வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எல்லாக் கேமரா மீட்டரும் ஒரே கணக்கில் அளப்பதில்லை, லென்ஸும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். அதனால் இது துல்லியமான அளவு ஆகாது. ஆனாலும் கண்ணால் மட்டும் பார்த்து வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் தாளை வைத்துச் சரிபாருங்கள். லேபில் அச்சடிக்காத ஃபோட்டோ பேப்பர் துண்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பிரிண்ட் பார்க்கும் விளக்கின் கீழ் அதைத் திரையின் வெள்ளைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும். திரை விளக்குப் போலவும் தாள் மங்கலாகவும் தெரிந்தால் பிரகாசத்தை இன்னும் குறைக்க வேண்டும், அல்லது பிரிண்ட் பார்க்கும் இடத்தில் நல்ல விளக்குப் போட வேண்டும். முதல் இரண்டு நாள் திரை மங்கிப்போனது போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

கருமை, வெண்மை, காமா

ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ முழுக் கறுப்புப் பின்னணியில் 5, 10, 15, 20 என்ற மதிப்புகளில் நான்கு சதுரங்கள் போடுங்கள். மூன்று நிறங்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் சாம்பல் வரும். 10-ம் எண் சதுரம் கறுப்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். 5 தெரிந்தும் தெரியாமலும் இருக்கலாம். 20-கூடத் தெரியவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் அல்லது பிளாக் லெவல் எங்கோ பிசகியிருக்கிறது. அதே போல் வெள்ளைப் பின்னணியில் 245, 250 சதுரங்கள். இரண்டும் தெரிய வேண்டும். கான்ட்ராஸ்ட்டைத் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நல்லது.

காமா 2.2 ஆக இருக்க வேண்டும். அதைச் சோதிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கிடைக்கோடுகளால் ஒரு சதுரம் செய்து, அதன் நடுவில் 186 மதிப்புள்ள சாம்பல் கட்டம் ஒன்றை வையுங்கள். படத்தை 100 சதவீத அளவில், மானிட்டரின் இயல்பான ரெசல்யூஷனில் திறந்து, ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். கோடுகள் கலங்கி ஒரே சாம்பலாகும். நடுக்கட்டம் அதோடு கரைந்து போனால் காமா 2.2-ஐ ஒட்டி இருக்கிறது. கட்டம் வெளிறித் தெரிந்தால் காமா குறைவு, இருண்டு தெரிந்தால் அதிகம். மானிட்டர் மெனுவில் காமாவுக்கு 1.8, 2.0, 2.2 என்று சில தேர்வுகள் இருக்கும். எது சரியாகப் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கு, மெனுவில் 6500 கெல்வின் என்று இருந்தால் அதைப் போடுங்கள். இந்த ஒன்றை மட்டும் கண்ணால் முடிவுசெய்ய முயல வேண்டாம். எந்த வெள்ளையைப் பார்த்தாலும் சில நிமிடத்தில் அதையே சரியான வெள்ளை என்று ஏற்றுக்கொள்வது கண்ணின் குணம். மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி என்று ஒரு முறை இருந்து, அதில் பிரகாசத்தைக் குறைக்கவும் முடிந்தால், கருவி இல்லாதவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு. விண்டோஸின் தேடல் பெட்டியில் காலிபரேட் டிஸ்ப்ளே கலர் என்று தேடினால் ஒரு உதவிநிரல் வரும், மேக்கிலும் அப்படி ஒன்று உண்டு. அவை கண்ணை நம்பியே ஓடுபவை. பெரிய பிசகைத் திருத்த உதவும், நுணுக்கத்தை அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கருவியோடு

காசுக்காக இந்த வேலை செய்கிறீர்கள் என்றால் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பேன். டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், காலிபிரைட் நிறுவனத்தின் கருவிகள் ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. ஒரு கருவியை மாதம் ஒருமுறைதான் எடுக்கப் போகிறீர்கள். பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ நாலைந்து ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். கருவியோடு வரும் மென்பொருளின் உரிம விதி அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்கில் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளும் இருக்கிறது. பல கருவிகளோடு அது வேலை செய்யும்.

மென்பொருள் கேட்கும் கேள்விகளுக்கு இப்படிப் பதில் கொடுங்கள்: வெள்ளைப்புள்ளி டி65 (மேலே சொன்ன 6500 கெல்வின் வெள்ளைதான்), காமா 2.2, பிரகாசம் 100 அல்லது 120. திரையின் பின்னொளி வகையைக் கேட்டால் மானிட்டரின் விவரக்குறிப்பைப் பார்த்துச் சரியானதைக் கொடுங்கள். அதைத் தவறாகக் கொடுத்தால் அளவே தவறும். அறை விளக்கை அணைத்து, மானிட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கருவி கண்ணாடியோடு இடைவெளி இல்லாமல் படியும்படி தொங்கவிடுங்கள்.

முதலில் மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பட்டைகளாகக் காட்டும். மானிட்டரின் யூசர் கலர் மெனுவில் அந்த மூன்றையும் ஏற்றி இறக்கிப் பட்டைகளைச் சமமாக்குங்கள். எது தூக்கலாக இருக்கிறதோ அதைக் குறைப்பது நல்லது, குறைவாக இருப்பதைக் கூட்டுவதைவிட. பிறகு, முன்பே குறைத்து வைத்த பிரகாசத்தைக் கருவியின் அளவோடு ஒத்துவரும்படி திருத்துங்கள். அதற்குப் பின் கருவி தானாக நிறக்கட்டங்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டு போகும். அப்போது மவுஸைத் தொடாமல் எழுந்து டீ குடித்துவிட்டு வரலாம். லேப்டாப்பில் பிரகாசத்தைத் தவிர எதையும் கையால் மாற்ற முடியாது, மீதியை எல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

முடிவில் வரும் புரொஃபைலுக்கு மானிட்டர் பெயரும் தேதியும் வைத்துச் சேமியுங்கள். அறிக்கையில் டெல்டா இ என்ற எண் இருக்கும். நிறம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதன் அளவு அது. சராசரி 2-க்குக் கீழே இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம்.

ஃபைல், லேப், சோதனை ஷீட்

எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியை ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்தன. 1999-ல் அது சர்வதேசத் தரமானது. ஃபோட்டோ பேப்பரில் அடிக்கும் லேப்கள் பொதுவாக எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான். கேமராவில் அதைவிட விரிந்த நிறவெளியான அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்த படத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பினால், லேபின் மெஷின் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு அடிக்கக்கூடும். அப்போது முகத்தில் ரத்தஓட்டமே இல்லாத மாதிரி வெளிறி வரும். எனவே கன்வர்ட் டு புரொஃபைல் கட்டளையால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, சேமிக்கும்போது புரொஃபைலையும் சேர்த்துச் சேமியுங்கள். அசைன் புரொஃபைல் வேறு வேலை. அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், நிறம் குளறுபடியாகும்.

அடுத்து ஒரு சோதனை ஷீட் செய்யுங்கள். வெளிநாட்டுச் சோதனைப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் நம் முகங்களும் நம் துணிகளும் அவற்றில் அதிகம் இருக்காது. நீங்கள் எடுத்த படங்களிலிருந்தே தேர்ந்தெடுங்கள். மாநிறமும் கறுப்பும் சிவப்பும் கலந்த நான்கைந்து முகங்கள். அரக்குப் பட்டும் தங்க நகையும் சேர்ந்த ஒரு நெருக்கப் படம். மல்லிகைப் பூ வைத்த கூந்தல்: பூவின் இதழும் தெரிய வேண்டும், முடியின் இழையும் தெரிய வேண்டும். ஆனித் தேரோட்டத்தில் உச்சி வெயிலில் வடம் பிடிக்கும் கூட்டத்தின் படம் இருந்தால் விடாதீர்கள். வெள்ளை வேட்டியும் வியர்த்த கறுத்த தோளும் தேர்ச்சீலையின் நிறங்களும் ஒரே சட்டத்தில் கிடைக்கும். நிழலுக்கு, கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பம் ஒன்று. அம்பாசமுத்திரம் வயலின் பச்சை. ஓரத்தில் 0 முதல் 255 வரை சாம்பல் படிகள். எல்லாம் ஒரே 12-க்கு 18 அங்குல ஷீட்டில் அடங்கிவிடும்.

இதை லேபில் கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, இந்த ஒரு ஷீட்டுக்கு மட்டும் கரெக்‌ஷன் எதுவும் போட வேண்டாம். ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே அடிச்சுக் கொடுங்க." லேப்களில் ஆபரேட்டரோ மெஷினோ படத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது வழக்கம். அந்தக் கை பட்டால் உங்கள் சோதனைக்கு அர்த்தமில்லை. ஆல்பத்துக்கு மேட் லேமினேஷன் போடப் போகிறீர்கள் என்றால் சோதனை ஷீட்டிலும் பாதிக்கு அதைப் போட்டு வாங்குங்கள். மேட் லேமினேஷன் கருமையின் ஆழத்தைக் குறைத்துவிடும்.

பிரிண்டைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. நேர் வெயிலில் பார்த்தால் இருண்ட பிரிண்டும் நன்றாகத்தான் தெரியும். நிழலான பகல் வெளிச்சத்திலோ நல்ல சிஆர்ஐ விளக்கின் கீழோ பாருங்கள். பிரிண்ட் பார்ப்பதற்கான சர்வதேசத் தரம் வீட்டுச் சூழலை ஒட்டிய மதிப்பீட்டுக்கு 500 லக்ஸ் வெளிச்சத்தைச் சொல்கிறது. திரையையும் தாளையும் ஒட்டி வைத்து ஒப்பிடுவதைவிட, திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, சில நொடி கண் பழகிய பிறகு தாளைப் பார்ப்பது சரியாக இருக்கும்.

வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது?

ஷீட் முழுக்க ஒரே சீராக இருண்டிருந்தால் திரையின் பிரகாசம் இன்னும் அதிகம். 10 நிட் குறைத்துப் பாருங்கள், புரொஃபைலை மறுபடி எடுங்கள். சாம்பல் படிகள் திரையில் நிறமில்லாமல் இருந்து, தாளில் மட்டும் பச்சையோ ரோஸோ தட்டினால் அது லேபின் பக்கத்துக் குறை. அந்த ஷீட்டையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். நல்ல லேப்காரர் மெஷினைச் சரிபார்ப்பார், அல்லது தன் பேப்பருக்கான ஐசிசி புரொஃபைலைத் தருவார்.

முகமும் சாம்பலும் சரியாக இருந்து, தேரி மண்ணின் சிவப்போ பட்டின் ஊதாவோ மட்டும் தட்டையாக வந்தால் அது யாருடைய குறையும் இல்லை. அந்தத் தாளால் அவ்வளவு ஆழமான நிறத்தைத் தாங்க முடியவில்லை. லேபின் புரொஃபைல் கையில் இருந்தால் ஃபோட்டோஷாப்பின் சாஃப்ட் புரூஃப் வசதியில் அதைத் தேர்ந்தெடுத்து, தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே முன்கூட்டிப் பார்க்கலாம். கூந்தன்குளத்தில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரையின் சிறகில் உள்ள இளஞ்சிவப்பு காணாமல் போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிறச்செறிவைக் கொஞ்சம் குறைத்தால் இறகின் நுணுக்கம் திரும்பி வரும்.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு ஆசை வரும்: லேப் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரை அதைப் போலத் தெரியும்வரை மானிட்டரின் நிறத்தைத் திருப்புவது. தயவுசெய்து செய்யாதீர்கள். லேப் மாறினால், பேப்பர் ரோல் மாறினால், அந்தத் திரையும் வீண், அதில் திருத்திய எல்லாப் படங்களும் வீண். திரை பொதுவான ஒரு தரத்தில் நிற்கட்டும். லேபுக்கு ஏற்ற மாற்றம் அந்த லேபுக்குப் போகும் நகலில் மட்டும் இருக்கட்டும்.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடிப்பவர்கள் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். எந்தத் தாளோ அதற்கான புரொஃபைலையும், பிரிண்டர் செட்டிங்கில் அதே தாள் வகையையும் தேர்ந்தெடுங்கள். நிற நிர்வாகத்தை ஃபோட்டோஷாப்போ பிரிண்டரோ, ஒன்று மட்டும் பார்க்கட்டும். இரண்டும் சேர்ந்து பார்த்தால் முகமெல்லாம் சிவந்து வரும். மை முழுதாக உலர்ந்து நிறம் நிலைக்கச் சில மணி நேரம் ஆகும், அடித்த உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "தம்பி, போன்ல இருக்குற மாதிரியே ஆல்பத்துல வரணும்" என்று சொல்வது இப்போது அதிகம். போன் திரை விவிட் முறையில் இருந்தால் அந்த நிறம் எந்தத் தாளிலும் வராது. ஆர்டர் எடுக்கும்போதே அந்தச் சோதனை ஷீட்டைக் கையில் கொடுத்து, ஆல்பம் இந்த நிறத்தில் இருக்கும் என்று காட்டிவிடுங்கள். பின்னால் வரும் மனஸ்தாபத்தில் பாதி அப்போதே குறைந்துவிடும். ஷீட்டை வெயில் படாமல் உறையில் போட்டு வையுங்கள். சுவரில் மாட்டி வைத்தால் சாயம் வெளுத்து, ஒப்பிடப் பயன்படாமல் போகும்.

காலிபரேஷனை மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். பின்னொளி வயதாக ஆக மங்கும், நிறமும் மெல்ல நகரும். ஒவ்வொரு முறையும் 100 நிட் கிடைக்கப் பிரகாசப் பொத்தானை எந்த எண்ணில் வைத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். புதிதில் 25-ல் கிடைத்தது நாளாக ஆக 40, 60 என்று ஏறிக்கொண்டே போகும். முழுதாக ஏற்றியும் 100 நிட் வரவில்லை என்றால் அந்த மானிட்டரைப் பில் போடும் மேசைக்கு மாற்றிவிட்டு, எடிட்டிங்குக்குப் புதிது வாங்குங்கள்.